மூழ்காத வட்டில்

தண்ணீர்ச் சாலுக்குள் அகப்பை இறங்கும்போது ஒரு சத்தம் வருகிறது. அகப்பையின் விளிம்பு தண்ணீரைத் தொடும், மிதக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோலக் கொஞ்சம் நிற்கும், பிறகு ஒரு பக்கமாகத் தண்ணீர் உள்ளே வழிந்து களக்கென்று அமிழ்ந்துபோகும். நாள் முழுவதும் ஐயாறன் இந்தச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறான். தண்ணீர்ப் பந்தலுக்கு வந்த புதிதில் போகப் போகப் பழகிவிடும் என்று நினைத்தான். மற்றதெல்லாம் பழகியது. ஏரி மதகின் இரைச்சல் பழகியது, மருத மரத்துக் காக்கைகள் பழகின, பெருவழியில் போகும் வண்டிகளின் அச்சு கிறீச்சிடுவது பழகியது. இது மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்கிறது. அதனால் அகப்பையைச் சாய்த்து, சத்தம் வராமல் இறக்கப் பார்ப்பான். அப்போதும் சத்தம் வரவேண்டிய இடத்தில் காது போய் நின்றுகொள்ளும்; வராததும் வந்ததுபோலவே இருக்கும். மாசிக் கடைசி, வெயில் உச்சி தாண்டிவிட்டது, பந்தலின் கீற்று நிழல் சாலை ஓரத்துக்கு நகர்ந்துவிட்டது. வடக்கே மலையடிவாரத்திலிருந்து, பூதி போய் இத்தனை வருஷம் கழித்து, அவனுடைய கல் வந்துகொண்டிருக்கிறது. வீரனுக்கு நடுகிற கல்லை நடுவதற்கு முன்னால் நீராட்ட வேண்டும். முதல் குடம் ஊற்ற வேண்டியவன் ஐயாறன். ஊர்க்கிழார் நேற்றே வந்து சொல்லிவிட்டுப் போனார். "கண்டவன் கை படக் கூடாது ஐயாறரே. பூதிகிட்ட வேளையை ஒப்படைச்ச கை உங்க கை. அதைவிட நல்ல கை இந்த ஊர்ல எது?" ஐயாறன் தலையை ஆட்டினான். அவர் போன பிறகு வலது கையை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கையில் ஆள்காட்டி விரல் மற்ற விரல்களைப்போலத்தான் இருந்தது. நகம் வளர்ந்திருந்தது.

இரண்டு உப்பு வண்டிக்காரர்கள் வந்து குனிந்து கையேந்தி நின்றார்கள். ஐயாறன் ஊற்றினான். விலாமிச்சை வேர் போட்ட தண்ணீர். மூத்தவன் வயிறு முட்டக் குடித்துவிட்டுத் தலையில் கொஞ்சம் தெளித்துக்கொண்டான். "கல்லு வருது பெரியவரே, ஓடைகிட்டப் பார்த்தோம்" என்றான். "எவ்வளவு தூரத்துல?" "அதெப்படிச் சொல்றது? ஒரு மாடு படுத்துக்கிச்சு. வண்டிக்காரன் கல்லைப் பார்த்துக் கத்திக்கிட்டிருக்கான், அவ்வளவு பெரிய வீரன் இந்த மேட்டுக்கு மட்டும் எறங்கி நடந்தா என்ன கொறஞ்சு போயிடும்னு." இளையவன் சிரித்தான். பிறகு மூத்தவன் காதில் ஏதோ சொன்னான். மூத்தவன் கையை மறுபடி ஏந்தினான். "இன்னொரு அகப்பை ஊத்துங்க. தாகத்துக்கு இல்ல. உங்க கைதான் அந்தக் கையாமே. என் மகன் படையில இருக்கான்." ஐயாறன் ஊற்றினான். அந்த மனிதன் அதைக் குடிக்காமல் கண்களில் ஒற்றிக்கொண்டான். எத்தனையோ பேர் இப்படிச் செய்திருக்கிறார்கள். முதலில் ஒருத்தி கைக்குழந்தையோடு வந்து இப்படி ஒற்றிக்கொண்டபோது அவன் பந்தலுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தான். இப்போது வாந்தி வருவதில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருக்கிறது. வாந்தி நின்றுபோன மனிதன் எதற்கும் பழகிவிடுவான். கல்லின் மேலும் ஊற்றிவிடுவான், ஊற்றிவிட்டு வந்து சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவான்.

வேளைக்கு ஒருவராக அரசர் உடையாரின் பக்கத்தில் காவல் நிற்கும் வேளைக்காரப் படையில் சேருகிறவன் கொற்றவை முன்னால் கத்தியைத் தொட்டுச் சொல்ல வேண்டிய வாக்கு சின்னது. என் வேளையில் உடையாரின் மூச்சு நின்றால் என் மூச்சும் நிற்கும். அவ்வளவுதான். சொல்லும்போது அது பெரிதாகவே தோன்றவில்லை. பெரிய உடையார் அப்போது ஆறுகளைத் தாண்டிக்கொண்டிருந்தார், கடலுக்குக் கலம் அனுப்பிக்கொண்டிருந்தார். அவர் மூச்சு நிற்கும் என்று நினைப்பது ஏரி நடந்துபோகும் என்று நினைப்பதுபோல இருந்தது. போர்க்களத்தில் ஒரு வேல் வரும், நாம் குறுக்கே விழுவோம், பாட்டுப் பாடுவார்கள் என்றுதான் இளவட்டங்கள் எல்லாரும் எண்ணியிருந்தார்கள். வேல் வரவில்லை. முதுமை வந்தது. சளி வந்தது, கால் வீக்கம் வந்தது, எண்ணெயும் கஷாயமும் மலமும் கலந்த ஒரு வாடை பள்ளியறைக்குள் வந்து தங்கிவிட்டது. உடையார் படுத்த பிறகுதான் வாக்கின் கனம் எல்லாருக்கும் தெரிந்தது. வேளை மாறுவதற்கு வாசலில் உட்கார்ந்திருக்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. ஒருவனுக்குத் திடீரென்று வயிற்றுவலி வரும். ஒருவன் ஊரில் தாய்க்கு உடம்பு சரியில்லை என்பான். பூதி மட்டும் கேலி செய்வான். "கஞ்சியை நல்லாக் குடிங்கடா. எவன் வேளைன்னு தெரியாது. பட்டினியோட போகாதீங்க." சிரிப்பார்கள். ஐயாறனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே உள்ளுக்குள் ஒவ்வொரு தெய்வமாகக் கூப்பிட்டு, என் வேளையில் வேண்டாம், என் வேளையில் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அது இன்னொருவன் வேளையில் ஆகட்டும் என்று வேண்டிக்கொள்வதுதான் என்பது அப்போது தெரியாமல் இல்லை. தெரிந்துதான் இருந்தது. எல்லாரும் அதையே வேண்டியிருப்பார்கள் என்று ஒரு சமாதானம். பூதியும் வேண்டியிருப்பானா? பூதி வேண்டியிருப்பான். மனிதன்தானே. வேண்டியிருக்க மாட்டான். ஐயாறனுக்குத் தெரியும்.

ஒரு கொக்கு ஏரிக்கரை மேல் நடந்துபோயிற்று. கரை அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை வெயிலில் வெள்ளையாகக் கிடந்தது. உடையார் வெட்டிய ஏரி. ஜெயித்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் ஒரு கூடை மண் கொண்டுவந்து கரையில் கொட்டச் சொன்னார். கொட்டியவர்கள் அந்த நாட்டுச் சிறையாட்கள். அவர்கள் பேசிய பாஷை யாருக்கும் புரியவில்லை. ஒரு கிழவன் தன் ஊர் மண்ணைக் கொட்டிவிட்டு, கூடையில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து வாயில் போட்டுக்கொண்டதை ஐயாறன் காவலுக்கு நின்றபோது பார்த்திருக்கிறான். இன்று அந்த மண் எது, இந்த ஊர் மண் எது என்று பிரிக்க முடியாது; எல்லாவற்றின் மேலும் ஒரே அறுகம்புல். ஏரிக்குக் கீழே நெல். நெல் விளைகிற நிலத்தையெல்லாம் அளக்கிற கோல், உடையாரின் பாதத்தின் நீளத்தை அடியாக வைத்துச் செய்த கோல். கோயில் சுவரில் அந்த நீளத்தை வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்தப் பாதத்தால் நாடு முழுவதையும் அளந்தார்கள், வரி போட்டார்கள், அண்ணன் தம்பி பாகம் பிரித்தார்கள், இறந்தவன் வீட்டுக்கு இரத்தத்துக்கு ஈடாக நிலம் கொடுத்தார்கள். சேந்திக்குக் கொடுத்த நிலமும் அந்தக் கோலால் அளந்ததுதான். சேந்தி பூதியின் மனைவி. உடையாரின் அந்தப் பாதம் கடைசியில் எப்படி இருந்தது என்பது இந்த ஊரில் யாருக்கும் தெரியாது. வீங்கி, தோல் பளபளத்து, விரல்களுக்கு நடுவே வெடித்திருந்தது. வேளை மாறும்போது உள்ளே வருகிறவன் அந்தப் பாதத்தைத் தொட வேண்டும். போகிறவன் "வேளை நலம்" என்று சொல்வான். வருகிறவன் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி "ஏற்றேன்" என்பான். தொட்டுவிட்டுச் சொல்ல வேண்டும். அதுதான் முறை. ஆனால் கடைசியாக வேளை மாறிய அன்று பூதி முதலில் சொல்லிவிட்டான், பிறகுதான் தொட்டான். அப்படித்தான் ஐயாறனுக்கு நினைவு. சொல்லிவிட்டுத் தொட்டான். சொன்ன பிறகுதான் பாதம் சில்லிட்டிருந்தது பூதிக்குத் தெரிந்திருக்கும், அதற்குள் வாய் கொடுத்துவிட்டது. அவசரப்பட்டுவிட்டான். பூதி எப்போதும் அவசரக்காரன்.

பூதி அவசரக்காரன் இல்லை. சாப்பாட்டில்கூட அவசரம் கிடையாது. ஆரூராள் பரிமாறிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து, "அண்ணா, அடுத்த சோறு அடுத்த மாசமா" என்பாள். ஆரூராள் ஐயாறனின் மனைவி. போன மழைக்காலத்துக் காய்ச்சலில் போய்விட்டாள். உடையார் இருந்த அந்த நாளில் ஐயாறனின் மகள் கைக்குழந்தை. ஆண்கள் இரண்டு பேரும் அரண்மனையில் சொல்கிற சொல்லை வீட்டில் கொண்டுவந்து பெண்கள் விளையாட்டாக்கிவிட்டார்கள். குழந்தையைக் கை மாற்றும்போது "வேளை நலம்" என்று கொடுப்பார்கள், "ஏற்றேன்" என்று வாங்குவார்கள். ஒருநாள் ஆரூராள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வேளை நலமில்லை அண்ணா" என்று சொல்லிக் குழந்தையை நீட்டினாள். துணி நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. பூதி அசையாமல் "ஏற்றேன்" என்று வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். சேந்தி, "ஈரம், ஈரம், உத்தரீயம் போச்சு" என்று கத்தினாள். "கையில வாங்கினப்புறம் ஈரம்னு சொல்லக் கூடாது" என்றான் பூதி. அந்த உத்தரீயம் நீலக்கரை போட்டது. அன்று சாயங்காலம் மழை. ஆரூராள் பலாக்கொட்டை சுட்டாள். இதை ஏன் இப்போது நினைக்க வேண்டும்? வண்டி மேடு ஏறியிருக்கும். தண்ணீர்க் குடத்தைக் கழுவி வைக்க வேண்டும். புதுக் குடம், ஊர்க்கிழார் கொடுத்தனுப்பியது. அதைப் பந்தலுக்குப் பக்கத்துக் குளத்தில் அமிழ்த்தி நிரப்ப வேண்டும். அமிழ்த்த வேண்டும். ஐயாறன் குடத்தைப் பார்த்தான். எடுக்கவில்லை.

அன்று காலை. மூடிய சாளரம், ஒரே ஒரு விளக்கு. வைத்தியர் மருந்து அரைக்க முன்கட்டுக்குப் போயிருந்தார். உடையாரின் தேவி நம்பிராட்டியார் பல நாள் தூக்கமில்லாமல் தூணில் சாய்ந்து கண் அயர்ந்திருந்தார். வாசலுக்குப் பக்கத்தில் பெரிய கொப்பரை, அதில் நாழிகை வட்டில் மிதந்துகொண்டிருந்தது. அடியில் ஊசித்துளை போட்ட சின்னச் செப்புக் கிண்ணம். துளை வழியாகத் தண்ணீர் ஏறி ஏறிக் கடைசியில் மூழ்கும்; மூழ்கி அடியில் தட்டுகிற சத்தத்துக்கு வெளியே தூங்கும் கிழவன் விழித்துச் சேகண்டி அடிப்பான்; வேளை மாறும். உடையார் சில நாட்களாக அதையே கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணைத் திறக்காமல், "வட்டில் மூழ்கியாச்சா?" இல்லை என்றால் மூச்சை இழுத்துப் பிடிப்பதுபோல நெஞ்சு ஏறி நிற்கும். கொஞ்ச நேரம் கழித்து, "யார் வேளை?" "அடியேன் ஐயாறன்." "ம்." அவ்வளவுதான். கடல் கடந்த மனிதர் எதற்காக அந்தக் கிண்ணத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தார்? மருந்து வேளைக்காகவா? இல்லை, ஒவ்வொரு வேளைக்காரனையும் உயிரோடு வெளியே அனுப்பிவிடலாம் என்று பிடித்துக்கொண்டு கிடந்தாரா? எத்தனையோ ஆயிரம் பேரைச் சாகக் கொடுத்தவர் கடைசியில் ஒருவனைக் கொல்லப் பயந்தாரா? அப்படி இருந்தால் ஐயாறனுக்காகவும் பிடித்திருப்பார். பிடிக்க முடியவில்லை. நெஞ்சு ஏறியது, இறங்கியது, ஏறவில்லை. ஐயாறன் காத்திருந்தான். தொண்டையில் கரகரப்பு இல்லை. விளக்குச் சுடர் அசையவில்லை. திரும்பிப் பார்த்தான். வட்டிலின் விளிம்பு தண்ணீருக்கு மேலே நின்றது. நகம் அளவுக்கு. மெல்லிய செப்பு வளையம், விளக்கு வெளிச்சத்தில் மின்னியது. அதைப்போல அழகான ஒன்றை அவன் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

அந்த நேரத்தில் ஆரூராளை நினைத்தான், குழந்தையை நினைத்தான் என்று பின்னால் சொல்லிக்கொண்டான். வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டான். உண்மையில் எதையும் நினைக்கவில்லை. கால் மரத்துப்போயிருந்தது. வெளியே போய்க் காலை நீட்ட வேண்டும் என்று இருந்தது. அவ்வளவுதான் இருந்தது. அன்பாவது இருந்திருக்கக் கூடாதா? நடந்தான். குனிந்தான். ஆள்காட்டி விரலை அந்த வளையத்தின் மேல் வைத்தான். அழுத்தினான் என்றுகூடச் சொல்ல முடியாது, வைத்தான். வட்டில் சாய்ந்தது, தண்ணீர் உள்ளே வழிந்தது. களக். பிறகு அடியில் போய்த் தட்டியது. வெளியே கிழவன் இருமிக்கொண்டே எழுந்து சேகண்டியை அடித்தான். நம்பிராட்டியார் அசைந்தார், கண் திறக்கவில்லை. பூதி உள்ளே வந்தான். முகம் கழுவி விபூதி பூசி வந்திருந்தான். நெற்றி ஈரமாக இருந்தது. ஐயாறன் அவன் நெற்றியைப் பார்த்துக்கொண்டே "வேளை நலம்" என்றான். விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் தரையில் விழுந்தது. பூதி அதைப் பார்த்தானா? பார்க்கவில்லை. உடனே "ஏற்றேன்" என்று சொல்லிவிட்டான். சொல்லிவிட்டுப் பாதத்தைத் தொட்டான். இல்லை, ஐயாறன் அதற்குள் திரும்பி வாசலுக்கு நடந்துகொண்டிருந்தான், முதுகுக்குப் பின்னால் கேட்டதுதான். முதுகுக்குப் பின்னால் கேட்டது என்றால் முதலில் சொன்னானா, தொட்டானா என்று எப்படித் தெரியும்? ஒரு இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில் வாசலுக்கு எத்தனை அடி வைத்தான்? எல்லா நாளும் இருக்கிற இடைவெளிதான். எல்லா நாளும் இருப்பதைவிடப் பெரியது. அதில் ஒரு ஆள் ஒரு பாதத்தைத் தொட்டு, கையை எடுத்து, முதுகு காட்டிப் போகிற நண்பனைப் பார்த்து, யோசித்து, முடிவு செய்யலாம். முடியாது. அவ்வளவு நேரம் இல்லை. ஐயாறன் முற்றம் தாண்டி, கோட்டை வாசல் தாண்டி, தெருவில் கால் வைத்த பிறகுதான் உள்ளே இருந்து அழுகுரல் எழுந்தது. அத்தனை நேரம் பூதி உள்ளே என்ன செய்துகொண்டிருந்தான் என்ற கேள்வி இருக்கிறதே, அதன் பக்கத்தில் போய்ப் போய் ஐயாறன் திரும்பி வந்துவிடுவான்.

பொழுது சாய்வதற்குள் பூதி கொற்றவை கோயிலில் தன் மூச்சை நிறுத்தி வாக்கை முடித்தான். உடையாரின் சிதையில் நம்பிராட்டியார் ஏறினார். யாரும் தடுக்கவில்லை. ஏறுவதற்கு முன்னால் அவர் உதட்டை நாக்கால் நனைத்துக்கொண்டதை ஐயாறன் கூட்டத்தில் நின்று பார்த்தான். அவருடைய தமையனும் அதைப் பார்த்திருக்கிறார். தங்கை தாகத்தோடு போய்விட்டாள், வழியில் போகிறவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்தால் அந்தத் தாகம் தணியும் என்று ஏரிக்கரையில் இந்தப் பந்தலைப் போட்டார். தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும் என்றபோது ஐயாறன் படையை விட்டுவிட்டு வந்து நின்றான். ஆரூராள் ஒன்றும் கேட்கவில்லை. அவன் சாப்பிடும் முன் ஒரு விரலை மட்டும் மறுபடி மறுபடி கழுவுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், சாகும்வரை. ஒரே ஒரு தடவை, "அந்த விரல்ல என்ன?" என்றாள். "ஒண்ணுமில்ல" என்றான். அவள் அந்த விரலைப் பிடித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

சாலையின் எதிர்ப்பக்கத்தில், மரங்களின் நிழலோடு நிழலாக, சேந்தி வந்துகொண்டிருந்தாள். ஐயாறன் அகப்பையைச் சாலுக்குள் போட்டுவிட்டான். அவள் இந்த வழியாகத்தான் மோர்ப்பானையோடு நகரத்துக்குப் போவாள், வருவாள். எவ்வளவு வெயிலானாலும் எதிர்ப்பக்கத்திலேயே போவாள். ஒருநாளும் இங்கே தண்ணீர் குடித்ததில்லை. மோர் விற்கிறவளுக்குத் தண்ணீர் எதற்கு என்று அவன் சொல்லிக்கொள்வான். இன்று தலையில் பானை இல்லை. வெளுத்த புடவை, தலை நரைத்து முடிந்திருந்தது. சாலையின் நடுவில் நின்றாள். பிறகு குறுக்கே நடந்து பந்தலுக்குள் வந்தாள்.

"வண்டி பின்னால வருது" என்றாள். "மாட்டை மாத்திக் கட்டுறாங்க."

"உட்காரு சேந்தி. தண்ணி..."

"வேண்டாம்."

அவள் பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு நாய் வந்து சாலுக்குக் கீழே சிந்திக் கிடந்த ஈரத்தில் படுத்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அண்ணே, அவர் கோயிலுக்குப் போறதுக்கு முன்னால வீட்டுக்கு வந்தாரு. உங்களுக்குத் தெரியாது."

"தெரியாது."

"பழையது கேட்டாரு. பட்டினியோட போகக் கூடாதுன்னு எல்லாருக்கும் சொல்லிட்டு நான் போனா சிரிப்பாங்கன்னாரு. போட்டேன். எப்பவும்போல மெதுவாத்தான் சாப்பிட்டாரு." முந்தானையால் வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். "உடையார் கால் சில்லுனு இருந்திச்சின்னாரு. அப்பவே விறைக்க ஆரம்பிச்சிருந்திச்சின்னாரு."

நாய் வாலை ஒருமுறை தரையில் தட்டியது. ஐயாறன் கேட்க நினைத்ததைக் கேட்கவில்லை. ஆனால் அவள் அதற்கே பதில் சொன்னாள்.

"தொட்ட பிறகுதான் சொன்னாராம். முறைப்படிதான். தொட்டுட்டு உங்க முதுகைப் பார்த்தாராம். அப்புறம் ஏற்றேன்னாராம். நீங்க கோட்டை வாசலைத் தாண்டட்டும்னு சும்மா நின்னுக்கிட்டிருந்தாராம். ஏன்னு கேட்டேன். சோத்துக் கையோட என்னைப் பார்த்துச் சொல்றாரு, கையில வாங்கினப்புறம் ஈரம்னு சொல்றதான்னு."

ஐயாறன் உட்கார்ந்துவிட்டான். சாலின் குளிர்ந்த வயிறு முதுகில் பட்டது. இத்தனை வருஷமாக ஒரு சின்னக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருந்தான், முதலில் சொன்னான், பிறகு தொட்டான், அவசரப்பட்டுவிட்டான், என்று. கயிற்றை அவள் அறுக்கக்கூட இல்லை. அது கட்டியே இல்லாத கயிறு.

"உங்க கை அழுகணும்னு வேண்டியிருக்கேன்" என்றாள் சேந்தி. குரல் உயரவில்லை, மோருக்கு உப்புப் போதுமா என்று கேட்கிற குரல்தான். "தினம் இந்த வழியாத்தான் வருவேன். அழுகிடுச்சான்னு பார்க்கத்தான். ஆரூராள் போனப்ப வாசல்வரைக்கும் வந்தேன். அவ என்ன பண்ணினா பாவம். உள்ள நீங்க இருந்தீங்க, திரும்பிட்டேன்."

"ஊர்ல சொல்லியிருக்கலாமே."

"சொல்லி? அப்ப அது அவர் வேளை இல்லைன்னு ஆயிடும். கல்லும் கிடையாது, நிலமும் கிடையாது. ஏமாந்து செத்தவன்னு பேரு வரும். ஏமாறலையே அவரு." அவள் இப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தாள். "நான் இப்பவும் ஊரைக் கூட்டி எதுவும் சொல்லப் போறதில்ல. ஆனா அந்தக் கல்லு மேல நீங்க தண்ணி ஊத்துறப்ப நான் பக்கத்துல நிக்கணும். தெரியாதவ மாதிரி நிக்க என்னால ஆகாது. அதான் சொல்லிட்டேன். இனிமே உங்க பாடு."

பறைச் சத்தம் கேட்டது. ஏரிக்கரைத் திருப்பத்தில் புழுதி எழுந்தது. மாற்றிக் கட்டிய மாடுகள் நுரை தள்ளிக்கொண்டு வந்தன. வண்டியில் வைக்கோலுக்கு நடுவே பூதி மல்லாந்து படுத்திருந்தான். இறக்கிக் குளத்தங்கரையில் நிமிர்த்தி வைத்தார்கள். கல்தச்சன் நல்ல கைக்காரன். நிமிர்ந்த மார்பு, இடுப்பில் கத்தி, பூதிக்கு ஒருநாளும் இல்லாத முறுக்கு மீசை. முகம் யாருடைய முகமோ. பாதங்கள் மட்டும் அகலமாக, விரல் விரிந்து, அச்சாக இருந்தன. கல்தச்சனுக்கு யார் சொன்னார்கள்? எல்லா வீரனுக்கும் அப்படித்தான் செதுக்குவான்போல. ஊர்க்கிழார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஐயாறரே, நேரமாகுது, குடத்தை எடுங்க" என்றார். ஐயாறன் குடத்தைக் குளத்தில் அமிழ்த்தினான். களக். அது எல்லாருக்கும் கேட்டிருக்கும் என்று தோன்றியது. தூக்கிக்கொண்டு வந்தான். கூட்டம் விலகி வழிவிட்டது. யாரோ ஒருத்தி, "அந்தக் கை" என்று தன் குழந்தைக்குக் காட்டினாள். ஊற்றிவிடலாம். ஊற்றினால் முடிந்தது. சேந்தி சொல்ல மாட்டாள், கல் பேசாது, நாளை முதல் எதிர்ப்பக்கத்து நிழலில் யாரும் நடந்துபோக மாட்டார்கள்கூட. குடம் தோளில் கனத்தது. கால் மரத்துப்போவதுபோல இருந்தது. அதே கால். எங்கேயாவது போய் நீட்ட வேண்டும்போல இருந்தது. ஐயாறனுக்குச் சிரிப்பு வந்தது; அது கேட்காமல் தொண்டையிலேயே நின்றது. அவன் கல்லைத் தாண்டி ஒரு அடி வைத்தான். சேந்தியின் முன்னால் நின்று குடத்தை இறக்கி இரண்டு கையாலும் நீட்டினான்.

"என்ன இது" என்றார் ஊர்க்கிழார். "கைம்பெண் கையாலயா? ஐயாறரே."

சேந்தி குடத்தை வாங்கவில்லை. கைகளைத் தொங்கவிட்டபடி நின்றாள். அவள் எதற்காகக் காத்திருக்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது. வேளைக்காரன் மனைவிக்கு முறை தெரியும். போகிறவன் சொல்லாமல் வருகிறவன் வாங்குவதில்லை. பறை அடித்துக்கொண்டே இருந்தது. பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடக் கேட்காது. ஐயாறன் வாயைத் திறந்தான். நலம் என்ற சொல் பழக்கத்தால் நாக்கு நுனிக்கு வந்து நின்றது, நகம் அளவுக்கு மேலே நின்ற அந்த விளிம்பைப்போல. குடத்திலிருந்து தண்ணீர் தளும்பி அவன் விரல் வழியாக வழிந்தது.

"வேளை நலமில்லை" என்றான்.

சேந்தி அவனைப் பார்த்தாள். பிறகு அவனைத் தாண்டிப் போய்க் குனிந்தாள். கல்லின் பாதத்தைத் தொட்டாள். வண்டியில் வெயில் பட்டு வந்த கல், சூடாக இருந்திருக்கும். கையை எடுக்காமல் வைத்திருந்தாள். இடைவெளி நீண்டுகொண்டே போயிற்று. ஐயாறன் இந்தமுறை முதுகைத் திருப்பவில்லை. அவள் நிமிர்ந்து, கண்களில் ஒற்றி, வந்து குடத்துக்குக் கை நீட்டினாள்.

"ஏற்றேன்" என்றாள்.